தை முதல் மார்கழி வரை: வாசிப்பின் ஓராண்டு

தமிழ் வாசகரின் ஆண்டு தை மாதத்தில் தொடங்குகிறது. பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிதான் அதன் முதல் நாள். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், சுருக்கமாக பபாசி, 1977இல் தொடங்கிய இந்தக் காட்சியைக் கணக்கில் வைத்தே பெரும்பாலான பதிப்பகங்கள் தங்கள் புதிய நூல்களை அச்சுக்கு அனுப்புகின்றன. பத்து விழுக்காடு கழிவில் வாங்கிய நூல்கள் பைகளில் வீடு வந்து சேர்கின்றன. அவற்றில் எவை எப்போது, எந்த வேகத்தில், எந்த வரிசையில் வாசிக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அந்த ஆண்டு நல்ல வாசக ஆண்டா இல்லையா என்பது முடிவாகிறது.

வாசிப்பை ஒரு கலையாகக் கருதினால் அதன் முதல் இலக்கணம் வேகம். ஒரு கீர்த்தனைக்கு உரிய காலப்பிரமாணம் இருப்பதுபோல ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசிப்பு வேகம் உண்டு. அதைக் கண்டுகொண்டு அதற்கு இசைந்து போவதே தேர்ந்த வாசகரின் திறன். கீழே மாதவாரியாகச் சொல்லப்படும் ஒழுங்கு பல ஒழுங்குகளில் ஒன்று. நூல்வகைகளுக்கும் பருவங்களுக்கும் உள்ள பொருத்தத்தை வைத்து அது அமைகிறது.

தை: தேர்வு

புத்தகக் காட்சியில் புதிய நூல்களின் ஆரவாரம் பெரிது. வெளியீட்டு விழா நடந்தவையும் அட்டை பளபளப்பவையும் முதலில் கண்ணில் படும். பழகிய வாசகர் மூன்று வகையாகப் பிரித்து வாங்குவார். அந்த ஆண்டின் புதிய எழுத்து ஒரு பங்கு. முன்பே படித்திருக்க வேண்டியும் தவறிப்போன பழைய நூல்கள் இன்னொரு பங்கு. தம் வழக்கமான விருப்பத்துக்கு வெளியே உள்ள நூல்கள் மூன்றாவது பங்கு. கவிதையே தொடாதவர் ஒரு கவிதைத் தொகுப்பையும், நாவல் மட்டுமே படிப்பவர் ஒரு வரலாற்று நூலையும் எடுப்பது இந்த மூன்றாம் வகை. ஆண்டு முடிவில் எதிர்பாராத மகிழ்ச்சியைத் தருபவை பெரும்பாலும் இந்த மூன்றாம் பங்கிலிருந்தே வருகின்றன.

தேர்வுக்கு வழிகாட்டும் மரபு தமிழில் க.நா.சுப்ரமண்யத்தோடு (1912–1988) வலுப்பெற்றது. 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் அவர் எழுதிய அறிமுகக் கட்டுரைகள் ஒரு நூலை ஏன் படிக்க வேண்டும் என்பதைச் சில பக்கங்களில் சொல்லிவிடும். பட்டியல் போடுகிறவர் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஐரோப்பிய நாவல்களைத் தமிழுக்குப் பெயர்த்தும், 'பொய்த்தேவு' (1946) போன்ற நாவலைத் தாமே எழுதியும் பெற்ற அனுபவம் அந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் இருந்தது. சாத்தனூர் மேட்டுத்தெருச் சோமு, சோமு முதலியாராகி, கடைசியில் எல்லாவற்றையும் துறக்கும் கதையை இன்று வாசிப்பவருக்கு அவருடைய அளவுகோல் எதுவென்று விளங்கும். அலங்காரம் குறைந்த நடை, பெரிய கேள்வி, முகத்தில் அறையாத முடிவு. இந்த மூன்றையும்தான் பிறர் நூல்களிலும் அவர் தேடினார்.

வாங்கியவை அனைத்தும் அந்த ஆண்டே வாசிக்கப்படுவதில்லை. அது குறையும் ஆகாது. சீர்காழியில் 1892இல் பிறந்து, இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு, வாசகருக்கு ஏற்ற நூல் கிடைப்பதையும் நூலுக்கு ஏற்ற வாசகர் கிடைப்பதையும் பற்றியவை. வீட்டு அலமாரிக்கும் இவை பொருந்தும். நாற்பது வயதில் திறக்க வேண்டிய நூலை இருபத்தைந்தில் வாங்கி வைத்திருப்பது வீண்செலவு இல்லை.

மாசி, பங்குனி: பெருநாவல்

வெயில் ஏறத் தொடங்கும் முன்னரான இரண்டு மாதங்கள் நீண்ட நாவலுக்கு உகந்தவை. புத்தகக் காட்சி தந்த உற்சாகம் இன்னும் வடிந்திருக்காது. நீண்ட நாவலை வாசிப்பது என்பது அதன் காலத்துக்குள் குடியேறுவது. வாரக்கணக்கில் கூடவே இருக்கும் மனிதர்களால்தான் அது வேலை செய்கிறது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, மூன்றரை ஆண்டுகள், கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு முடிச்சு விழுவது வாரம் முழுவதும் காத்திருந்த வாசகருக்காக. அந்தக் காத்திருப்பில் ஊகம் வளரும்; திண்ணையிலும் அலுவலகத்திலும் ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படிப்பவருக்கு முடிச்சுகள் அவிழ்வது மட்டுமே தெரியும்; அவை இறுகியிருந்த காலம் கிடைக்காது. நாளுக்குச் சில அத்தியாயங்கள் என்ற கணக்கில் படித்தால் அந்தச் சுவையில் ஒரு பகுதியாவது மீளும்.

தொடர்கதைக் காலம் தமிழ் வீடுகளுக்குத் தந்த தனிச் சொத்து பைண்டு புத்தகம். இதழிலிருந்து தொடரின் பக்கங்களை வாரவாரம் எடுத்துச் சேர்த்து, தைத்து, காலிக்கோ ஒட்டி, முதுகில் பெயர் எழுதி வைத்த தொகுதிகள் பல வீடுகளில் இருந்தன. 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த படங்களும், கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு ஆனந்த விகடனில் கோபுலு வரைந்த படங்களும் கதையின் அங்கங்களாகவே நினைவில் நின்றன. பக்கத்தின் மறுபுறம் அச்சான துணுக்கும் தலைவலி மருந்து விளம்பரமும்கூட அந்த வாசிப்பைச் சேர்ந்தவை. பின்னாளின் வெள்ளைத்தாள் பதிப்பில் எழுத்து கிடைக்கும், அந்தச் சூழல் கிடைக்காது. பழைய புத்தகக் கடைகளில் பைண்டு தொகுதிகளுக்கு இன்றும் கிராக்கி இருப்பதற்கு இதுவே காரணம்.

தி.ஜானகிராமனின் 'மோகமுள்' (நூலாக 1964) வேறு வகை நிதானத்தைக் கேட்கிறது. கும்பகோணத்தில் பாபு, அவனைவிட வயதில் மூத்த யமுனா, இசையைத் தவமாகச் செய்யும் ரங்கண்ணா. கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம்; ஆனால் ஒரு மோகம் ஆண்டுக்கணக்கில் ஓர் உயிரோடு ஒட்டிக் கிடக்கும் பாரத்தை அந்த நீளம் இல்லாமல் உணர்த்த முடியாது. ஜானகிராமனின் உரையாடல்களைக் கண்ணால் ஓட்டிச் சென்றால் பாதி இழப்பு. தஞ்சை வட்டாரப் பேச்சின் நீட்டல்களும் நடுவில் விழும் மௌனங்களும் காதில் விழும் வேகத்தில்தான் அந்தப் பக்கங்கள் உயிர்பெறுகின்றன. ரங்கண்ணாவின் பாடம் நடக்கும் இடங்களில் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) முதல் பக்கங்களில் வாசகரைச் சோதிக்கும். மெடான், பினாங்கு என்ற ஊர்ப்பெயர்கள், மலாய்ச் சொற்கள், இரண்டாம் உலகப் போரின் படை நகர்வுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் நின்று பொருள் தேடுவது தவறான உத்தி. இரைச்சலை இரைச்சலாகவே விட்டு முன்னே போகிறவருக்குச் சிறிது தூரத்தில் பாண்டியன் தெளிவாகத் தெரிவான். அதன்பின் மதுக்கடைப் பேச்சில் தமிழ் மரபு முழுவதும் கிண்டலுக்கு உள்ளாவதும், கடல்கடந்த மண்ணில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை மனத்தால் நடப்பதும் தமிழ் உரைநடையின் உச்சங்களில் சேர்கின்றன. சிங்காரம் (1920–1997) எழுதியவை இரண்டே நாவல்கள். முந்தையதான 'கடலுக்கு அப்பால்' (1959) முதலில் வாசிக்கப்பட்டால் நிலப்பரப்பு பழகிவிடும். அதன்பின் தோணி எளிதில் நகரும்.

ஓர் ஆண்டுக்கு இத்தகைய நாவல்கள் இரண்டு போதும். மூன்றாவது புகுந்தால் முதலாவது மங்கிவிடும்.

சித்திரை, வைகாசி: குறுநாவல்

கோடையில் கவனம் குறுகும். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் படபடக்கும் அந்த மதியங்களுக்கு 150 பக்க நாவல் சரியான அளவு. தமிழ் நாவலின் சாதனைகளில் பல இந்த அளவில்தான் நிகழ்ந்திருக்கின்றன.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தில் நடப்பது. குடமும் குழாயும் வரிசையும் நாவல் முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. ஜமுனாவின் வாழ்க்கை வறண்டுபோவதையும் பின் அவள் தன் கால்களில் நிற்கத் தொடங்குவதையும் ஆசிரியர் ஓரிடத்திலும் உரத்துச் சொல்வதில்லை. கோடையில் வாசிக்கும்போது அந்தத் தாகம் குறியீடாக மட்டும் நிற்காமல் உடம்பிலும் உறைக்கும். அவருடைய '18வது அட்சக்கோடு' (1977), 1948 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த காலத்தை சிகந்தராபாத் ரயில்வே குடியிருப்பு இளைஞன் சந்திரசேகரன் வழியாகக் காண்கிறது. கிரிக்கெட்டும் சைக்கிளும் கல்லூரியுமாகப் போய்க்கொண்டிருக்கும் கதை கடைசிப் பக்கங்களில் வாசகரைத் தாக்கும் விதத்துக்கு முன்தயாரிப்பு எதுவும் தெரியாது. அசோகமித்திரனை வேகமாக வாசிப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். அவரது எளிய வாக்கியங்கள் எதையெல்லாம் சொல்லாமல் விடுகின்றன என்று கவனிப்பவருக்கே நாவல் திறக்கும்.

ஜி.நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) கந்தன் என்ற மனிதனின் ஒரு நாள். ஒரு நாளில் நடப்பதை ஒரே நாளில் வாசித்து முடிப்பது நல்லது. அறத்தைப் பற்றிய தீர்ப்புகளை ஆசிரியர் ஒத்திவைத்துவிடுகிறார். இடையில் புத்தகத்தை மூடி வைத்தால் வாசகரின் சொந்தத் தீர்ப்புகள் அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். பூமணியின் 'வெக்கை' (1982) கொலைசெய்துவிட்டுத் தந்தையோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் சிறுவன் சிதம்பரத்தின் சில நாட்கள். 2019இல் வெளிவந்த 'அசுரன்' திரைப்படத்துக்கு மூலம் இதுவே. படத்தைப் பார்த்தவர்கள் நாவலில் வேறொன்றைக் காண்பார்கள். பழிவாங்கலைவிட, ஒளிந்திருப்பவர்கள் உண்ணும் கிழங்குக்கும் குடிக்கும் தண்ணீருக்கும் உறங்கும் பாறைக்கும் பூமணி தரும் இடம் பெரிது.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. நேரில் சென்று தங்கி, கேட்டு, பார்த்து எழுதுவது அவர் முறை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதித் தஞ்சம் கோரும் மனுவின் வடிவில் தொடங்கி, ஈழப் போரின் உள்ளே சென்ற ஒருவனைச் சிரிப்பும் கசப்பும் கலந்து காட்டுகிறது. இந்த ஆறு நூல்களையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்குத் தமிழ்க் குறுநாவலின் வீச்சு ஒரே கோடையில் பிடிபடும்.

ஆடி, ஆவணி: அலமாரியும் நூலகமும்

ஆடிக் காற்றோடு ஈரோட்டுப் புத்தகத் திருவிழா வருகிறது. மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் தொடங்கியது அது. மாலைச் சொற்பொழிவுக்குக் கூடும் கூட்டம் அதன் தனி அடையாளம். அண்மை ஆண்டுகளில் மாவட்டந்தோறும் இத்தகைய திருவிழாக்கள் நடப்பதால், தை மாதத்தில் சென்னைக்கு வர முடியாதவரும் தம் ஊரிலேயே நூல்களைப் புரட்டிப் பார்த்து வாங்க முடிகிறது.

அலமாரியை ஒழுங்கு செய்யும் பருவமும் இதுதான். ஒழுங்குபடுத்துவதும் வாசிப்பின் ஒரு பகுதியே. தூசி தட்டும் கையில் பாதியில் நின்ற நூல் ஒன்று அகப்படும். ஆடிப் பதினெட்டில் பழைய ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததை உ.வே.சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். எது குப்பை, எது நூல் என்று தெரியாத கைகளில் இலக்கியம் எப்படி அழியும் என்பதற்கு அது சான்று. தெரிந்தே செய்த அழிவும் தமிழர் வரலாற்றில் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. காக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகின்றன.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இந்தப் பருவத்துக்கு ஏற்ற நூல். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் ஆசிரியரின் மறைவால் பாதியில் நின்றது; 1950இல் நூலாயிற்று. பாடம் கேட்பதற்காக ஊர் ஊராக அலைந்த இளமை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கழிந்த ஆண்டுகள், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்ட கேள்வி, 1887இல் அந்நூல் அச்சேறியது என விரியும் அது, ஒரு மனிதர் வாசித்து வாசித்தே பதிப்பாசிரியரான வரலாறு. விருந்துகளும் மடத்து நடைமுறைகளும் பயணங்களும் நிதானமாக வருவதால் நாள் ஒன்றுக்கு இரண்டு மூன்று அத்தியாயங்களாக, ஒரு பெரியவர் சொல்லக் கேட்பதைப் போலவே படித்துச் செல்ல முடியும்.

கேட்பது என்றதும் வாய்விட்டு வாசித்தலைச் சொல்ல வேண்டும். ஓசையின்றித் தனியே படிப்பது தமிழில் அண்மைக்கால வழக்கம். கோயில்களில் பாரதம் படிப்பதும், எழுத்தறிந்த ஒருவர் படிக்க வீடே கேட்பதும் அதற்கு முந்தியவை. இந்த மாற்றத்தின் வரலாற்றை ஆ.இரா.வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' (2002) நூலில் ஆராய்கிறார். இன்றும் சில நூல்கள் குரலைக் கேட்கின்றன. கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) அவற்றில் முதலாவது. முதிய மங்கத்தாயார் தம் மக்கள் தெலுங்கு மண்ணிலிருந்து கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லச் சொல்ல, அதை எழுத்தில் பிடிக்கும் கி.ரா.வின் வாக்கியங்கள் மூச்சுக்கு ஏற்ப முறிகின்றன. கண்ணுக்குக் கரடாகத் தெரியும் சொல் வாயில் போட்டதும் இனிக்கும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் (1966) தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதிகளும் இத்தகையவை.

நூலகத்தின் பயனும் இங்கே குறிப்பிடத்தக்கது. சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம். ரங்கநாதனின் பிறந்தநாளான ஆகஸ்ட் 12 நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கன்னிமாரா (1896), அண்ணா நூற்றாண்டு நூலகம் (2010), மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் (2023) போன்ற பெரிய நூலகங்களோடு சிற்றூர்க் கிளை நூலகங்களும் சேர்ந்தே தமிழ் வாசிப்பைத் தாங்குகின்றன. இரவல் நூலுக்குத் தவணை உண்டு; அந்தக் கெடுவே அதை வாசிக்க வைத்துவிடுகிறது.

புரட்டாசி: கட்டுரை நூல்கள்

சரஸ்வதி பூஜையன்று நூல்களை அடுக்கிப் பொட்டிட்டு வழிபடும் வீடுகளில் அன்று எதையும் படிப்பதில்லை. மறுநாள் விஜயதசமியில்தான் நூலைத் திறப்பார்கள். ஆண்டில் வாசிப்புக்கு விடப்படும் ஒரே விடுமுறை அது. அதை ஒட்டிய வாரங்களில் கட்டுரை நூல்களை வாசிக்கலாம். தொ.பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' (1997), 'பண்பாட்டு அசைவுகள்' (2001) ஆகியவற்றில் உப்பும் எண்ணெயும் தேங்காயும் சிறுதெய்வமும் இரண்டு மூன்று பக்கக் கட்டுரைகளாகின்றன. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னும் சற்று நிறுத்தி, தம் வீட்டு வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவற்றை வாசிக்கும் முறை. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) ஆவணங்களிலிருந்து சமூக வரலாற்றை எடுத்து, நகைச்சுவை குன்றாமல் சொல்கிறது. முன்னவர் களத்தில் கேட்டவர். பின்னவர் ஆவணத்தில் தேடியவர். இருவரையும் சேர்த்து வாசித்தால் ஒருவரின் முடிவை மற்றவரின் முறையால் சோதிக்கலாம்.

ஐப்பசி: மொழிபெயர்ப்பு

அடைமழைக் காலம் அயல்நிலத்துக்குப் போகும் காலம். இந்திய நாவல்களைத் தமிழ் வாசகருக்குப் பழக்கியதில் சாகித்திய அகாதமிக்கும் நேஷனல் புக் டிரஸ்டுக்கும் பெரிய பங்குண்டு. தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதனம்' த.நா.குமாரஸ்வாமியின் தமிழில் வந்தது. நாடி பார்த்தே மரணத்தின் நாளைக் கணிக்கும் ஜீவன் மஷாயின் முன்னால் நவீன மருத்துவம் வந்து நிற்கிறது. யார் பக்கமும் சாயாமல் இருவரையும் மரணத்தின் எதிரில் நிறுத்துகிறது நாவல். அதீன் பந்த்யோபாத்யாயின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' (சு.கிருஷ்ணமூர்த்தி), குர்அதுல்ஐன் ஹைதரின் 'அக்னி நதி' (சௌரி), தகழியின் 'செம்மீன்' (சுந்தர ராமசாமி), விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' (ஆர்.சண்முகசுந்தரம்) எனத் தொடரும் இவ்வரிசையில் மொழிபெயர்ப்பாளர் சிலர் தாமே முதன்மையான நாவலாசிரியர்கள்.

மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகக் குறைந்த விலையில் தமிழ்நாடெங்கும் பரவிய ரஷ்ய நூல்கள் ஒரு தலைமுறையின் ரசனையை வடித்தவை. ரா.கிருஷ்ணையா மொழிபெயர்த்த தாஸ்தாயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' நான்கு இரவுகளும் ஒரு காலையுமாகப் பகுக்கப்பட்ட குறுநாவல். அதே பகுப்பில், நான்கு மழை இரவுகளில் வாசித்து, கடைசிப் பகுதியைக் காலையில் முடிப்பவருக்கு அதன் ஏமாற்றம் முழு அளவில் இறங்கும். எம்.ஏ.சுசீலா மொழிபெயர்த்த 'குற்றமும் தண்டனையும்' அதையடுத்துச் செல்ல வேண்டிய இடம்.

கார்த்திகை: சிறுகதை

சிறுகதைத் தொகுப்பை நாவலைப்போல அட்டை முதல் அட்டை வரை ஓட்டுவது அதற்குச் செய்யும் அநீதி. ஒரு நல்ல கதை முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கினால் முதல் கதை அடங்க இடமிருக்காது. நாளுக்கு ஒரு கதை என்பது போதுமான அளவு.

புதுமைப்பித்தன் (1906–1948) இந்த முறைக்கு மிகச் சிறந்த ஆசிரியர். 'செல்லம்மா'ளில் மரணப் படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு ஊழியம் செய்யும் பிரமநாயகம் பிள்ளையின் அன்பு ஒரு சொல்லாலும் அறிவிக்கப்படுவதில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்கு வரும் கடவுள், கந்தசாமிப் பிள்ளையின் சித்த வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகும் நிலைமைக்கு ஆளாகிறார். அடுத்தடுத்த நாட்களில் இவ்விரண்டையும் வாசிப்பவர், இரண்டும் ஒரே பேனாவில் எப்படிப் பிறந்தன என்று வியக்காமல் இருக்க முடியாது. கால வரிசையில் அமைந்த முழுத் தொகுப்பைப் பின்தொடர்ந்தால், எள்ளல் மெல்லக் கனிந்து துயரமாவதையும் காணலாம்.

கி.ரா.வின் இடைசெவல் கிராமத்திலேயே, அவர் பிறந்த அதே 1923இல் பிறந்தவர் கு.அழகிரிசாமி. அவருடைய 'அன்பளிப்பு' நூல் விரும்பும் எவரும் தவறவிடக் கூடாத கதை. புத்தகங்களுக்காக ஒருவரைச் சூழ்ந்துகொள்ளும் குழந்தைகள். அவர்களில் டைரி பெறாத சாரங்கன். பின்னர் அவனே ஒரு டைரியை எடுத்து நீட்டி அதில் அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்லும் முடிவு. பெரியவர்களின் பாகுபாட்டை ஒரு குழந்தை இதைவிடச் சுருக்கமாகச் சுட்டிக்காட்டிய இடம் தமிழ்ப் புனைவில் அரிது.

மார்கழி: பாட்டும் பட்டியலும்

மார்கழியின் நாட்களுக்கு நாளொரு பாட்டாக முப்பது திருப்பாவைப் பாசுரங்கள் வைணவ மரபில் ஓதப்படுகின்றன. கவிதைக்கு நாள்கணக்கே உகந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஏற்பாடு வேறில்லை. சங்கத் தொகைகளும் இதற்கு இசைவாக அமைந்தவை. குறுந்தொகையில் 401 பாடல்கள். பெரும்பாலானவை நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்குபவை. நாளுக்கு ஒன்று என்றால் ஓராண்டும் ஒரு மாதமும் சிறிது நாளும் ஆகும். உ.வே.சா. 1937இல் வெளியிட்ட உரைப்பதிப்பு போன்ற ஒன்றைத் துணையாகக் கொண்டு, முதலில் பாட்டைப் பிரித்துப் படித்து, பின் உரை பார்த்து, மீண்டும் உரை இல்லாமல் பாட்டைச் சொல்லிப் பார்ப்பது பயனுள்ள முறை. மூன்றாம் முறையில்தான் பாட்டு வாசகருடையதாகிறது.

இந்த வகை வாசிப்பின் ஆசான் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954). திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத் தொட்டியில் கூடியவர்களிடம் ஒரு கம்பன் பாட்டை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே இடைவெளி என்பதிலேயே பொருள் வெளிப்படும். தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் வாக்கல்ல என்று அவர் ஒதுக்கியது பெரும் சர்ச்சையானது. பதிப்பியல் நோக்கில் அதை ஏற்பது கடினம். ஆனால் பாட்டை மெதுவாக, ஓசையோடு, பலமுறை வாசிக்க வேண்டும் என்ற அவரது நடைமுறையில் எவரும் குறை காண முடியாது.

மார்கழி பட்டியல் போடும் மாதமுமாகும். ஆண்டு முழுவதும் குறிப்பேடு வைத்திருந்தவருக்கே இது கைகூடும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், முடித்த நாள், திரும்பிப் பார்க்க வேண்டிய பக்க எண், இரண்டு மூன்று வரிக் கருத்து என இவ்வளவு போதும். பாதியில் விட்ட நூல்களையும் விட்ட பக்கத்தோடு குறித்து வைப்பது நேர்மை. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது தடையாக நின்றது நூலா, வயதா என்பது தெரியவரும்.

பட்டியலில் இரண்டு பிழைகள் எளிதில் நேரும். ஒன்று, எண்ணிக்கை மோகம். ஐம்பது நூல் என்ற இலக்கை எட்டுவதற்காக மெலிந்த நூல்கள் பட்டியலில் புகுந்துவிடும். 'மோகமுள்'ளும் ஒரு சிறு வெளியீடும் அங்கே ஒன்றுக்கு ஒன்றாக நிற்கும். மற்றொன்று, விருதை அளவுகோலாக்குவது. 1955இல் தொடங்கிய சாகித்திய அகாதமி விருதை ஜானகிராமன் 1979இல் பெற்றது 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்காக. அசோகமித்திரன் 1996இல் பெற்றது 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்காக. கி.ரா. 1991இல் பெற்றது 'கோபல்லபுரத்து மக்க'ளுக்காக. 'கோபல்ல கிராம'த்துக்காக அல்ல. 'புயலிலே ஒரு தோணி'க்கு அவ்விருது கிடைக்கவே இல்லை. சுந்தர ராமசாமிக்கும் கிடைக்கவில்லை. இந்நூல்களை இன்றுவரை அச்சில் நிறுத்தியிருப்பது வாசகர்களின் கைமாற்றம்தான்.

மறுவாசிப்பே நம்பகமான அளவுகோல். கதை தெரிந்துவிட்ட பின்னும் ஒரு நூல் இழுக்கிறதென்றால் அதன் வலு மொழியிலும் பார்வையிலும் இருக்கிறது என்று பொருள். முதல் வாசிப்பில் பிடித்த பலவும் இந்தச் சோதனையில் நிற்காது. நிற்பவை சில ஆண்டுகளில் ஒருவரது நிரந்தர அலமாரியாகத் திரளும். ஆகவே ஆண்டிறுதிப் பட்டியலை எழுதி முடிப்பவர், அதில் மீண்டும் படிக்கத் தோன்றும் ஒரே நூலுக்குக் கீழே கோடிட்டு வைக்கலாம். தை மாதம் புத்தகக் காட்சிக்குப் புறப்படும் முன் அதை இரண்டாம் முறை வாசித்துவிட்டுச் செல்வது நல்லது. புதிய நூல்களை எடைபோட அதைவிடச் சரியான படிக்கல் கிடைக்காது.